பதம் பிரித்தலும் பொருள் விரித்தலும்
‘ஆழ்வார்’ என்னும் திருநாமத்தை முன்னிட்டு ஒரு விசாரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாள்தோறும் நாம் அநுஸந்திக்கும் இம்மங்கள வாக்கியத்தைப் பதம் பிரித்தால், ‘ஸ்ரீமதே’ என்பதில் ஸ்ரீ என்னும் ப்ரக்ருதியும், உடைமைப் பொருள் தரும் மத் என்னும் ப்ரத்யயமும், நான்காம் வேற்றுமையின் ஏகாரமும் காணப்படும். ‘ராமாநுஜாய’ என்பதில் ராம, அநு, ஜ என்னும் மூன்றும் கூடி ஒரு ஸமாஸமாகி, அதன்மேல் நான்காம் வேற்றுமை ஏறியிருக்கிறது. இதையே தமிழில் ‘இராமாநுசனுக்கு’ என்கிறோம். பொருள் ஒன்றே; கட்டுமானம் வேறு. வடமொழியில் ‘ராமாய’ என்பதன் ஈறு நான்காம் வேற்றுமையையும் ஒருமையையும் ஒருங்கே சொல்லிவிடுகிறது. இருவருக்கு என்றால் ‘ராமாப்யாம்’, பலருக்கு என்றால் ‘ராமேப்ய:’ என்று ஈறே வேறாகிறது. எவ்வளவு கூரிய கத்தி கொண்டு வெட்டினாலும் எண்ணை ஒருபுறமும் வேற்றுமையை மறுபுறமும் பிரித்து வைக்க இயலாது. தமிழிலோ ‘அடியார்களுக்கு’ என்றால் கள் தனியே பன்மை காட்டும். கு தனியே வேற்றுமை காட்டும். இடையில் உகரம் சாரியையாக நிற்கும். மணிகளைக் கோத்தாற்போல ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருக்கும்.

நம் வ்யாக்யாதாக்கள் இவ்விரு மொழிகளிலும் தேர்ந்த உபயவேதாந்திகள். ஒரு மொழியின் பதத்தை அறுக்கும் கருவியை மற்றொரு மொழியின் பதத்தின்மேல் அவர்கள் வைத்ததில்லை. இக்காலத்துப் பதவுரைகளிலும் உபந்யாஸங்களிலும் அந்த எச்சரிக்கை தளர்ந்து வருகிறது. தமிழ்ப் பதத்துக்கு வடமொழித் தாது தேடுகிறார்கள்; வடசொல்லைத் தமிழ்ப் பகுதி விகுதியாக வெட்டுகிறார்கள். மற்றொரு புறம், சொல்லாராய்ச்சி செய்யும் கல்வியாளர்கள் நம் பெரியோர் அருளிய நிர்வசனங்களைப் பாமரச் சொற்பிறப்பு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள். இரு சாராரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள் என்பது அடியேனுடைய எண்ணம். பதம் பிரித்தல் ஒரு தொழில். பொருள் விரித்தல் வேறொரு தொழில். இதனை விளக்க ‘ஆழ்வார்’ என்னும் திருநாமத்தைவிடத் தக்க பதம் கிடைக்காது. அதற்கு முன் சில பூர்வாங்கங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்லின் பொருளுடைய மிகச் சிறிய உறுப்பை இன்றைய மொழியியலார் உருபன் என்கிறார்கள். பெயர் புதியது, விசாரம் பழையது. பாணினி ப்ரக்ருதி, ப்ரத்யயம் என்னும் பாகுபாட்டின்மேல் தம் சாஸ்த்ரம் முழுவதையும் நிறுத்தினார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் பகுபதத்துக்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளை வகுத்தார். இவற்றுள் இடைநிலை என்பது தமிழின் இயல்பை அறிந்து வகுத்த உறுப்பு. பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நின்று காலம் காட்டுவது. 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியமும், 17ஆம் நூற்றாண்டில் திருக்குருகூரைச் சேர்ந்த சுப்பிரமணிய தீட்சிதர் இயற்றிய பிரயோக விவேகமும் வடமொழி முறையைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தன. ஸமாஸத்தையும் தொகையையும் ஒப்பிடும் இடங்களில் அவை மிகவும் பயன்படும். வினைமுற்றை அறுக்கும் இடங்களில் நன்னூலின் வழியே நேரிது.

பதத்தின் வெளித்தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சான்று உண்டு. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அவற்றில் அச்சணந்தி என்னும் ஜைன ஆசிரியரின் பெயர் வருகிறது. தமிழ் மட்டும் அறிந்தவர் இதனை அச்சம், நந்தி என்று பிரிக்கக் கூடும். அஞ்சிய நந்தியோ அஞ்சுவிக்கும் நந்தியோ என்று கதையும் கட்டக் கூடும். உண்மையில் ‘ஆர்ய’ என்னும் வடசொல் ப்ராக்ருதத்தில் ‘அஜ்ஜ’ என்றாகி, தமிழ் வாயில் ‘அச்ச’ என்று நின்றது. மூன்று மொழிகளின் வாசலைக் கடந்து வந்த பெயர் அது. எங்களுக்குத் தெற்கே கம்பத்தில் எழுந்தருளியிருக்கும் கம்பராயப் பெருமாளின் திருநாமத்திலும் ஊர்ப்பெயர் ஒன்று, ‘ராஜ’ என்பது தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘ராய’ என்றான வடிவம் ஒன்று, தமிழ்ப் ‘பெருமாள்’ ஒன்று என மூன்று கலந்திருக்கின்றன. ‘உத்தமபாளையம்’ என்பதில் உத் என்னும் உபஸர்க்கத்தோடு, மிகுதிப் பொருள் தரும் தம என்னும் ப்ரத்யயம் சேர்ந்திருக்கிறது. அந்தத் ‘தம’வுக்கும், ‘தமது’ என்பதிலுள்ள தமிழ்த் ‘தம்’முக்கும் ஒலியைத் தவிர உறவு ஏதும் இல்லை.

அச்சணந்தியின் ணகாரம் மற்றொரு விஷயத்தை நினைவூட்டுகிறது. ‘நாராயண’ என்னும் திருநாமத்தில் நார, அயன என்னும் இரண்டு பதங்கள் உள்ளன. ‘அயன’வின் தந்நகரம் ஏன் ணகரமாயிற்று? பாணினியின் எட்டாம் அத்யாயத்து நான்காம் பாதத்தின் மூன்றாம் ஸூத்ரப்படி, முற்பதத்தில் ரேபம் முதலிய நிமித்தம் இருக்க, ஸமாஸம் ஒருவருக்கே உரிய பெயராக இருந்தால்தான் இந்த மாற்றம் வரும். ஆகவே ணகாரம் இருப்பதனாலேயே இது ஸம்ஜ்ஞை என்று தேறுகிறது. பொதுப்பொருள் கொண்டு மற்றொரு தெய்வத்துக்கு இதனை விசேஷணமாக்க இயலாது என்பது நம்மவர் வாதம். இதற்காகவே ணத்வ விசாரமாகத் தனி நூல்கள் எழுந்தன. ஓர் எழுத்தின் சுழியில் பரத்வ நிர்ணயமே தங்கியிருக்கிறது என்றால், பதம் பிரித்தல் வெறும் பள்ளிக்கூடப் பயிற்சி ஆகாது. ஆனால் அச்சணந்தி, பவணந்தி என்னும் பெயர்களின் ணகாரத்துக்கு ரேபம் நிமித்தம் இல்லை. ப்ராக்ருத வழக்கே அங்கே காரணம். எழுத்து ஒன்றே, காரணம் இரண்டு. எழுத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது.

கண்ணுக்குத் தெரியாத உருபனும் உண்டு. ப்ரணவத்தின் அகாரத்தில் நான்காம் வேற்றுமை ஏறி மறைந்திருக்கிறது என்று முமுக்ஷுப்படியில் பிள்ளைலோகாசார்யர் அருளிச்செய்கிறார். லுப்த சதுர்த்தி என்று நாம் வழங்குவது இதுவே. ப்ரத்யயம் மறைந்தாலும் அதன் காரியம் மறையாது என்பது பாணினியின் கொள்கை. தமிழ் இலக்கணிகளும் வேற்றுமைத் தொகையில் உருபு கெட்டும் பொருள் நிற்பதைக் கண்டவர்களே. மறைந்த அந்த வேற்றுமையில்தான் ஜீவாத்மாவின் சேஷத்வம் அடங்கியிருக்கிறது. அச்சேஷத்வத்தை நாம் தமிழில் சொல்லும் விதமும் கவனிக்கத்தக்கது. வடமொழியில் ‘தாஸ:’ என்று சொன்னால் யார் தாஸன் என்பது தெரியாது. ‘அஹம்’ என்று மற்றொரு பதம் சேர்க்க வேண்டும். தமிழில் ‘அடியேன்’ என்றால் போதும். அடி என்னும் பெயர்மேலேயே ஏன் என்னும் தன்மை விகுதி ஏறிக்கொள்கிறது. அடிமையை முன்னே சொல்லி, ‘நான்’ என்பதை அதன் வாலில் ஒரு விகுதியாக மட்டும் வைக்கும் இந்தக் கட்டுமானம் நம் ஸம்ப்ரதாயத்துக்கென்றே வாய்த்தது போலும்.

இனி, பொருள் விரித்தல் என்னும் மற்றொரு தொழிலைப் பார்ப்போம். திருமந்த்ரத்தின் நடுப்பதமாகிய ‘நம:’ வ்யாகரணப்படி ஒரே அவ்யயம். வணங்குதல் என்னும் பொருளுடைய தாதுவின் வழி வந்தது. ஆயின் நம் ஆசார்யர்கள் அதனை ந, ம: என்று இரண்டாக்கி, ‘எனக்கு உரியேன் அல்லேன்’ என்னும் பாரதந்த்ர்யத்தை அதிலே காட்டினார்கள். அவர்கள் வ்யாகரணம் அறியாமல் இப்படி வெட்டினார்களா? இல்லை. அஹிர்புத்ந்ய ஸம்ஹிதை இப்பதத்துக்கு ஸ்தூலம், ஸூக்ஷ்மம், பரம் என மூன்று நிலைகளில் பொருள் சொல்கிறது. வேதாந்த தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தில் இதனை எடுத்துக்கொண்டு, வ்யாகரணத்தின் வழி வருவது, நிருக்தத்தின் வழி வருவது, ரஹஸ்ய சாஸ்த்ரத்தின் வழி வருவது என்று நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார். எந்த வெட்டு எந்த சாஸ்த்ரத்தின் வெட்டு என்பதை நம் பெரியோர்கள் அறிந்து, பெயரிட்டு, தனித்தனியே வைத்திருந்தார்கள் என்பதே இங்கு முக்கியம்.

ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் ஆறாம் அம்சமும் இவ்வாறே செய்கிறது. ‘பகவத்’ என்னும் பதத்தில் ஞானம் முதலிய ஆறு குணங்களின் தொகுதியாகிய பக என்பதைச் சொல்லும் அதே இடத்தில், ப, க, வ என்னும் எழுத்துகளுக்குத் தனித்தனிப் பொருளும் சொல்கிறது. முன்னது ப்ரக்ருதி ப்ரத்யய மார்க்கம். பின்னது அக்ஷர மார்க்கம். ஒன்று மற்றொன்றைத் தள்ளவில்லை. இன்னும் பழைமையில் யாஸ்கரின் நிருக்தத்துக்குச் சென்றால், பெயர்ச்சொற்கள் எல்லாம் வினைத் தாதுவின் வழிப் பிறந்தவையே என்ற சாகடாயனரின் கொள்கையும், எல்லாப் பெயரும் அப்படியல்ல என்ற கார்க்யரின் மறுப்பும் அங்கே பதிவாகியுள்ளன. வழியிலே விரைவதனால் குதிரைக்கு ‘அச்வ’ என்று பெயர் வந்தது என்றால், வழியிலே விரையும் எல்லாவற்றுக்கும் அப்பெயர் வரவேண்டுமே என்ற ஆக்ஷேபம் இன்றைய மொழியியலாரும் ஒப்பும் ஆக்ஷேபம். யாஸ்கர் அதற்கு ஸமாதானம் சொல்லிவிட்டு, ‘அக்நி’ என்ற ஒரு பதத்துக்கே பல நிர்வசனங்களை அடுக்குகிறார். பிறப்பு ஒன்றே என்றால் நிர்வசனம் பல எப்படி இருக்கும்? நிர்வசனம் சொல்லின் பிறப்பைச் சொல்ல வந்ததே அன்று; பொருளின் பெருமையைச் சொல்ல வந்தது.

இப்போது ‘ஆழ்வார்’ என்னும் திருநாமத்துக்கு வருவோம். பகவத் குணங்களில் ஆழ்ந்தவர் ஆதலின் ஆழ்வார் என்று நாம் சிறுபிராயம் முதல் கேட்டிருக்கிறோம். 2004இல் புதுச்சேரியிலிருந்து ப்ரான்சுவா க்ரோ அவர்களைப் பாராட்டி வெளியிடப்பட்ட ஆங்கிலத் தொகுதியில் எஸ். பழனியப்பன் என்னும் ஆய்வாளர் இச்சொல்லைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்று எழுதினார். இதன் பழைய வடிவம் ஆள்வார். பொருள் தலைவர், நாயனார் என்பது போன்றது. ளகரம் ழகரமாகத் திரிந்து, பின்னர் அந்த ழகரத்துக்கு ஏற்ப ‘ஆழ்ந்தவர்’ என்ற பொருள் கற்பிக்கப்பட்டது என்பது கல்வெட்டுச் சான்றுகளின் வழி அவர் நிறுவ முயலும் கொள்கை. இக்கட்டுரையின் செய்தி செவிவழியாகப் பரவியபோது நம்மவரிடையே மனவருத்தம் ஏற்பட்டது. பக்தியில் ஆழ்ந்த மஹநீயர்களை ஊராளும் தலைவர்களாக்கி விட்டார் என்றும், நம் பெரியோர் சொன்னதைப் பொய்யாக்கினார் என்றும் சினந்து பேசினார்கள். சினம் ஒரு வாதம் ஆகாது. கொள்கையை அதற்குரிய உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே முறை.

உரைகல் நன்னூல் தந்த பகுபத உறுப்பு. ஆழ், ஆள் என்னும் இரு பகுதிகளும் எதிர்கால வகர இடைநிலையை ஏற்கும்போது ஆழ்வார், ஆள்வார் என்று மிக அணுக்கமாக ஒலிக்கும். அங்கே நின்றால் எதுவும் தெரியாது. இறந்தகாலத்துக்குச் செல்ல வேண்டும். ஆழ் என்பது ‘ஆழ்ந்தார்’ என்றாகும். ஆள் என்பது ‘ஆண்டார்’ என்றாகும். நம் ஸம்ப்ரதாயத்தில் வழங்கும் திருநாமங்களில் எது இருக்கிறது? பூமிப்பிராட்டியின் அம்சமாகிய கோதைக்கு ‘ஆண்டாள்’ என்று திருநாமம். எம்பெருமானாருடைய திருவடிகளாக எண்ணப்படுபவர் ‘முதலியாண்டான்’. அதே எம்பெருமானாரின் மற்றொரு தலையாய சிஷ்யர் ‘கூரத்தாழ்வான்’. ஒரே கோஷ்டியில், ஒரே காலத்தில், ஒத்த பெருமையுடைய இருவருக்கு ஆண்டான் என்றும் ஆழ்வான் என்றும் பெயர் வழங்குகிறது. ‘ஆழ்ந்தான்’ என்றோ ‘ஆழ்ந்தாள்’ என்றோ ஒரு திருநாமம் நம் குருபரம்பரையில் அடியேன் அறிந்தவரை இல்லை. ஆழ் என்பதே பகுதியானால் அதன் இறந்தகால வடிவம் எங்கேனும் ஓரிடத்தில் தலைகாட்ட வேண்டாமா?

‘ஆண்டாள்’ என்னும் பதத்திலேயே ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. அதன் முதலில் உள்ள ஆண் என்பது ஆள் என்னும் வினைப்பகுதியின் விகாரம். ட் இறந்தகால இடைநிலை. ஈற்றிலுள்ள ஆள் பெண்பால் விகுதி. ஒரே ஒலியுடைய இரண்டு ‘ஆள்’கள், ஒன்று பகுதியாகவும் மற்றொன்று விகுதியாகவும், ஒரே பதத்தின் இரு தலைகளில் நிற்கின்றன. ஒலி ஒன்றானால் உருபன் ஒன்றாகிவிடாது என்பதற்கு நாச்சியாரின் திருநாமமே போதிய சான்று.

எல்லாவற்றினும் வலிய ஸாக்ஷி யாமுநாசார்யருடைய வைபவத்தில் இருக்கிறது. தம் ஆசார்யரான மஹாபாஷ்ய பட்டருக்காகச் சிறுபிள்ளையாகிய யாமுநர் அரசவைக்குச் சென்று வித்வானை வென்றதும், அரசி அவரை எடுத்தணைத்து, தன்னை ஆள வந்தவராகக் கொண்டாடியதும், அதனால் ‘ஆளவந்தார்’ என்று திருநாமம் ஏற்பட்டதும் நாம் அறிந்தவை. தோற்ற வித்வானின் பெயர் என்ன? ஆக்கியாழ்வான். செருக்கு மிகுந்து, பிற வித்வான்களிடம் கப்பம் கேட்டவராகவே அவரைக் குருபரம்பரை காட்டுகிறது. பகவத் குணத்தில் ஆழ்ந்தவர் என்று அவரைச் சொல்ல எவருக்கும் மனம் வராது. அங்கே ஆழ்வான் என்பது தலைமையைக் காட்டும் பட்டமே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனின் தமக்கையார் ‘ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்’ எனப்படுவதும் இவ்வகையே. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயிலில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானையே ஆழ்வார் என்று குறிப்பதும் உண்டு. தன் குணத்தில் தானே ஆழ்ந்தவன் என்று எம்பெருமானுக்குப் பொருள் சொல்வது ரஸமாக இருக்கலாம். கல்வெட்டு வெட்டிய தச்சன் அதனை எண்ணியிருக்க மாட்டான். நம்மாழ்வார் என்னும் திருநாமத்தை நம்பெருமாள், நம்பிள்ளை என்பவற்றோடு வைத்துப் பார்த்தாலும், நம் என்னும் உரிமைப் பதத்தை அடுத்து வருவது தலைமையோ உறவோ காட்டும் பெயராகவே இருக்கக் காண்கிறோம்.

அடுத்து வரும் கேள்வி: ளகரம் ழகரமாக மாறுமா? எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்க்கு இதில் ஐயமே எழாது. மதுரைக்கும் தெற்கே மழை ‘மளை’யாகவும் வாழைப்பழம் ‘வாளைப்பளம்’ ஆகவும் ஒலிக்கும். இவ்விரு எழுத்துகளும் வாயில் ஒன்றாகிவிட்ட இடத்தில், எழுதுகிறவன் ‘சரியாக எழுத வேண்டும்’ என்ற அச்சத்தினாலேயே ளகரம் இருக்க வேண்டிய இடத்திலும் ழகரம் இட்டுவிடுவான். இங்கே கன்னடம் பேசும் குடிகளும் தெலுங்கு பேசும் குடிகளும் தலைமுறைகளாக உடன் வாழ்கிறார்கள். கன்னடத்தில் ஆழத்துக்கு ‘ஆள’ என்றும், ஆளுதலுக்கு ‘ஆளு’ என்றும் இரண்டையும் ளகரத்திலேயே சொல்கிறார்கள். பழங்கன்னடத்தில் தனி ழகரம் இருந்தது, பின்னர் மறைந்தது, அதனோடு இரு பகுதிகளின் வேறுபாடும் மங்கியது. மேற்கே மலையேறிக் குமுளியைக் கடந்தால் மலையாளத்தில் ‘ஆழம்’ வேறு, ‘ஆளுக’ வேறு என்று இரண்டும் தெளிவாக நிற்கின்றன. அங்கும் ஆளுகவின் இறந்தகாலம் ‘ஆண்டு’ என்றே வரும். தெலுங்கில் ஆளுதல் ‘ஏலு’, ஆழம் ‘லோது’. அங்கே குழப்பத்துக்கே இடமில்லை. நான்கு மொழிகளை அருகருகே வைத்தால், ஆழ், ஆள் இரண்டும் தொன்றுதொட்டு வேறான பகுதிகள் என்பதும், சில இடங்களில் மட்டும் ஒலியால் ஒன்றாயின என்பதும் விளங்கும். 1816இல் எல்லிஸும் 1856இல் கால்டுவெலும் தென்மொழிகளை ஒப்பிட்டபோது கையாண்ட முறை இதுவே. நாற்சந்தியில் நின்று கேட்கும் காது உடையவர்க்கு அது இயல்பாக வரும்.

ஓலைச்சுவடிகளில் ழகரமே காணப்படுகிறதே என்று கேட்கலாம். நமக்குக் கிடைத்துள்ள ஏடுகள் பெரும்பாலும் பிற்காலத்துப் படிகள். பெயர் அவ்வடிவில் நிலைத்த பின்னர் எழுதப்பட்டவை. ஆழ்வார்களின் பாசுரங்களில் ஆழ்தல் என்னும் வினை அநுபவப் பொருளில் வருகிறதே என்றும் கேட்கலாம். வருகிறது; ஆனால் வினை வருவது பட்டத்தின் பகுதியை நிர்ணயிக்காது. ஆகவே ஸ்தூல நிலையில், அதாவது இலக்கண நிலையில், பகுதி ஆள் என்ற கொள்கையை அடியேன் தயக்கமின்றி ஏற்கிறேன்.

அக்கட்டுரையாளரோடு அடியேன் வேறுபடுவது அடுத்த படியில். ‘ஆழ்ந்தவர்’ என்னும் பொருளைப் பாமரச் சொற்பிறப்பு என்று வகைப்படுத்துவது அளவை தவறியது. பாமரச் சொற்பிறப்பு என்பது, சொல்லின் வரலாறு அறியாதவன் தனக்குத் தெரிந்த ஒலியோடு அதனை ஒட்டவைத்து, அதுவே வரலாறு என்று நம்புவது. ‘நம:’ பதத்தை இரண்டாக்கியவர்கள் வ்யாகரணத்தில் அது ஒன்றே என்று நன்கு அறிந்திருந்தார்கள். அறிந்தே வெட்டினார்கள், அந்த வெட்டுக்கு ஸூக்ஷ்மம் என்று பெயரும் இட்டார்கள். நிர்வசனம் ஒரு பழைய சாஸ்த்ரம். வேதாங்கங்கள் ஆறனுள் ஒன்று. அதனைத் தோற்றுப்போன மொழியியலாகப் பார்ப்பது, யாழை விறகாக எடைபோடுவதற்கு ஒக்கும். ஒரு சமூகம் தன் தலைவர்களை முதலில் ‘ஆள்வார்’ என்று அழைத்து, பின்னர் அப்பதத்திலேயே ‘ஆழ்வார்’ என்பதைக் கேட்கத் தொடங்கியது என்றால், அந்தக் கேட்டல் பிழையா, வ்யாக்யானமா? தலைமை எதனால் வந்தது என்ற கேள்விக்கு, ஆழ்ந்ததனால் வந்தது என்று அச்சமூகம் விடை கண்டிருக்கிறது. கல்வெட்டு அந்த விடையைச் சொல்லாது. அதனிடம் அதை எதிர்பார்ப்பதும் தகாது.

ஆள் என்னும் பகுதியைக் கொள்வதனால் நம் ஸித்தாந்தத்துக்குக் குறைவும் இல்லை. எம்பெருமானையே தன் அன்பினால் ஆண்டவள் என்று ஆண்டாளின் திருநாமத்துக்கு நாம் மகிழ்ந்து பொருள் சொல்கிறோம். அடியார்கள் நம்மை ஆள்பவர்கள் என்பது நமக்குப் புதிதா? பாகவத சேஷத்வம் என்பது வேறு என்ன? மேலும் தமிழில் ‘ஆள்’ என்பது ஆளுகிறவனையும் ஆட்பட்டவனையும் ஒருங்கே தொட்டு நிற்கும் சொல். ஆளுதலும் ஆட்செய்தலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

இனி நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். அண்மையில் பார்த்த பதவுரை ஒன்றில் ‘ஆழ்வார்: ஆழ் பகுதி, வ் எதிர்கால இடைநிலை, ஆர் விகுதி, பகவத் குணங்களில் ஆழ்ந்தவர்’ என்று அச்சிட்டிருக்கக் கண்டேன். எதிர்கால இடைநிலை என்று எழுதிய அதே வரியில் ‘ஆழ்ந்தவர்’ என்று இறந்தகாலத்தில் பொருள் எழுத எப்படி மனம் வந்தது? ஸூக்ஷ்மத்தை ஸ்தூலத்தின் கட்டத்தில் அடைத்தால் இப்படித்தான் நேரும். இலக்கணம் கற்ற ஒரு மாணாக்கன் அதைப் பார்த்து நகைப்பான். இலக்கணத்தோடு நிர்வசனத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். நஷ்டம் நிர்வசனத்துக்கே. வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயர் பன்னீராயிரப்படியில் திருவாய்மொழிக்குப் பதந்தோறும் பொருள் அருளியிருக்கிறார். பதப்பொருளை முதலில் நிறுத்தி, தாத்பர்யத்தை அதன்மேல் எழுப்பும் ஒழுங்கை அங்கே கற்கலாம். பதவுரை அச்சிடுவோர் ஒன்று செய்யலாம்: இலக்கணப் பிரிப்பை ஒரு வரியிலும், நிர்வசனத்தை ‘நிர்வசனம்’ என்ற தலைப்போடு அடுத்த வரியிலும் இடலாம். தாளுக்கு அதிகச் செலவு ஆகாது.

விகுதியிலும் இவ்விரு நிலைகளைக் காணலாம். திருக்கோட்டியூர் நம்பி, ரஹஸ்யார்த்தத்தைப் பலரும் அறிய வெளியிட்ட உடையவரின் பரிவைக் கண்டு ‘எம்பெருமானார்’ என்று அழைத்தார் என்பது ஐதிஹ்யம். எம்பெருமான் என்பதன்மேல் ஆர் என்னும் உயர்வுப்பன்மை விகுதி ஏறியது. இலக்கணம் சொல்வது அவ்வளவே. வடமொழியில் ஆசார்யரை ‘பாதா:’ என்று பன்மையில் குறிப்பதும் இவ்வகை மரியாதையே. ஆனால் எம்பெருமானினும் கருணையால் மிக்கவர் என்று அந்த விகுதியிலே நாம் கேட்பது இலக்கணத்துக்கு மேற்பட்டது. ‘ஆழ்வார்’ என்பதன் ஈற்றிலும் நிற்பது அதே ஆர்தான்.

திருவாழியாழ்வான் என்னும் திருநாமம் மட்டும் இன்னும் விசாரிக்கத் தக்கதாக எஞ்சி நிற்கிறது. ஆழி என்பது சக்கரம். அடுத்து வருவது ஆழ்வான். முன்னுள்ள ஆழியின் ழகரம் பின்னுள்ள ஆள்வானின் ளகரத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டதா, அல்லது ளகரம் அதற்கு முன்பே ழகரமாகியிருந்ததா? கல்வெட்டு வடிவங்களைக் கால வரிசையில் அடுக்கிப் பார்க்கும் வசதியும் வயதும் உள்ள வித்வான்கள் இதனை மேற்கொண்டால் அடியேன் ஆவலோடு படிப்பேன்.